இழைப்புளிக்கு இரண்டு ஆள்

அதைத் தொடாதீர்கள் தம்பி. எண்ணெய் இன்னும் காயவில்லை. இப்போது கை வைத்தால் உங்கள் விரல் ரேகை அதில் ஆயுள் உறுப்பினர் ஆகிவிடும். லோடு ஆட்டோக்காரரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் அந்த முக்காலியில் உட்காருங்கள். ஆடும், பயப்படாதீர்கள். அது நான் மெஷினில் செய்த காலத்துப் பொருள்.

பார்த்தீர்களா, எப்படி நிற்கிறது? நாளைக் காலை நம் ஓய்வுபெற்ற மில் தொழிலாளர் சங்கக் கட்டடத்தைத் திறக்கிறோம். இந்தப் பேச்சு மேசை மேடையில் நிற்கும். இதன் பின்னால் நான் நிற்பேன். முதல் பேச்சு என்னுடையது. அப்படித்தான் உங்கள் செயலாளர் ஒப்புக்கொண்டார். அதில் ஒரு சிறு மாற்றம் வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் உங்களை உட்காரச் சொன்னேன். எண்ணெய் ஒரு சாக்கு.

முதல் பேச்சு எனக்குத் தானாகக் கிடைத்ததா? இல்லை. முதலில் அச்சடிக்க இருந்த அழைப்பிதழில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? வாழ்த்துரை வழங்குவோர் கூட்டத்தில், பந்தல் போட்டவருக்கு முந்தின வரியில். மில் வாசலில் போலீஸ் தடியடி நடந்தபோது முன் வரிசையில் நின்றவன் நான். அன்றைக்கு டீக்கடைக்குள் ஓடி ஒளிந்தவர்கள் இன்றைக்கு விழாக்குழு. நான் சண்டை போடவில்லை. "பேச்சு மேசையை என் கையால் செய்து தருகிறேன், செய்தவன் முதலில் பேசட்டும்" என்றேன். மேசைச் செலவு மிச்சம் என்று உடனே தலையாட்டினார்கள். அவர்களுக்குத் தெரியாது, எந்த மரம் என்று.

நம் மில் கதவு, தம்பி. அந்தப் பெரிய வாயிற்கதவு. மில்லை இடித்தபோது மரக்கடைக்காரர் எடுத்துக்கொண்டு போனதை நான் பின்தொடர்ந்து போய் வாங்கினேன். இடையில் ஒரு தடவை என்னை வேலையை விட்டு நீக்கியபோது என் முகத்துக்கு நேரே சாத்தின தேக்கு. அதன்மேல் கை ஊன்றிப் பேச வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்று சொல்லக்கூடாது. வரலாற்றுக் கடமை.

மரவேலை எனக்கு எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து டிவியைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் மகன் பொறுக்க முடியாமல் ஒரு மெஷின் செட் வாங்கிக் கொடுத்தான். அறுக்க ஒன்று, இழைக்க ஒன்று, துளை போட ஒன்று. நீங்கள் உட்கார்ந்திருக்கும் முக்காலி அதில் செய்தது. ஆனால் சுவிட்சைப் போட்டதும் அந்தச் சத்தம் இருக்கிறதே, அது எனக்குத் தெரிந்த சத்தம். ஆயுள் முழுக்கக் கேட்ட சத்தம். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்குமே, அது. பணம் கொடுத்து வாங்கி வந்து மறுபடி என் கொட்டகைக்குள் ஓட்டுவதா?

பிறகு ஒரு நாள் உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஒரு உளியைப் பார்த்தேன். துருப் பிடித்த உளி. கைப்பிடி வெடித்திருந்தது. வாங்கி வந்து சாணைக்கல்லில் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு கோடு வந்தது. அந்தக் கோட்டை ஒரு வேப்பங்கட்டையில் வைத்து மெல்லத் தள்ளினேன். சத்தமே இல்லை, தம்பி. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மரத்தூள் என்று மயிலாத்தாளிடம் சொன்னேன். மயிலாத்தாள் என் துணைவியார். உளியில் தூள் வராது, சுருள்தான் வரும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அப்புறம் என்ன, ஞாயிற்றுக்கிழமை தோறும் உக்கடம். ரம்பம், கொட்டாப்புளி, அரம், சின்ன இழைப்புளி, நடு இழைப்புளி. கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், பீரோவுக்குள். துருப் பிடிக்காமல் தேங்காயெண்ணெய் தடவிப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். நல்ல பருத்தித் துணி வீட்டில் எங்கே இருக்கும்?

"ஏனுங்க, என்ற சுங்குடிப் பொடவைக்குள்ள என்னமோ கனமா கெடக்குதே, குழந்தையா?" என்றாள்.

"இழைப்புளி" என்றேன்.

"அப்பக் குழந்தைதான்" என்று போய்விட்டாள்.

ஒரு கொள்கையோடுதான் இதில் இறங்கினேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மெஷின் மரத்தை அதிகாரம் செய்கிறது. இழைப்புளி அப்படி அல்ல, மரத்தோடு பேச்சுவார்த்தை நடத்துகிறது. இழை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகத் தள்ளினால் மரம் ஒத்துழைக்கும், சுருள் சுருளாகக் கொடுக்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால் செதில் செதிலாக எழுந்து நிற்கும். வேலை நிறுத்தம்தான். நான் மரத்தைக் குறை சொன்னதே இல்லை. பலகையைத் திருப்பிப் போடுவேன். மெஷின்களை மகனிடமே திருப்பிக் கொடுத்தேன். இந்தக் கொட்டகைக்குள் இனி எந்த மெஷினும் ஓடாது என்று சாக்கட்டியால் கதவில் எழுதினேன். இன்னும் இருக்கிறது பாருங்கள்.

சிக்கல் அந்தப் பெரிய இழைப்புளியில் வந்தது.

மில் கதவுப் பலகை உங்கள் முழங்கை நீளத்துக்கு அகலம். வருடக்கணக்கில் வெயிலும் மழையும் குடித்து இரும்பாகிக் கிடந்தது. என் சின்ன இழைப்புளி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி உக்கடம். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பெரிய இழைப்புளியைத் தூக்கி வந்தார். முன்பக்கம் ஒரு குறுக்குக் கட்டை செருகியிருந்தது. இது என்ன என்றேன். "அது ரெண்டு ஆளு பொருளுங்க. ஒருத்தரு பின்னால நின்னு தள்ளோணும், இன்னொருத்தரு முன்னால நின்னு அந்தக் கட்டையப் புடிச்சு இழுக்கோணும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூட்டு உழைப்பையே ஒரு கருவியாகச் செய்து வைத்திருக்கிறார்கள்! சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பின்னால் நான் நிற்பேன். முன்னால்?

மயிலாத்தாள் மறுக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து நின்றாள். நன்றாகவே இழுத்தாள். நான் "ம்" என்பேன், அவள் இழுப்பாள், நான் தள்ளுவேன். தேக்கு வாசனை கிளம்பியது. பழைய கறுப்புத் தோல் உரிந்து உள்ளே தேன் நிறம் தெரிந்தது. கூலி என்று எதுவும் அவள் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. அடுப்பில் பருப்பு வைத்திருக்கிறேன் என்பாள். "பலகை பாதியில் நிற்கிறது, பருப்பு எங்கே போகிறது?" என்பேன். இரண்டு தடவை பருப்பு கருகியது. உற்பத்தி நடக்கும்போது சில இழப்புகள் இருக்கத்தான் செய்யும். வேகம் குறைந்தால் கொஞ்சம் குரல் உயர்த்துவேன். மேற்பார்வை இல்லாமல் வேலை நடக்குமா, சொல்லுங்கள்.

கால்கள் முடிந்தன. பக்கங்கள் முடிந்தன. மேல் பலகைதான் பாக்கி. அன்றைக்கு நான் முன்பக்கப் பலகையில் பென்சிலால் எழுத்துகளை வரைந்து வைத்திருந்தேன், உளியால் கொத்துவதற்கு. "ஆக்கம்: தோழர் ஆறுச்சாமி." அழகான எழுத்து. சுவரில் எழுதிப் பழகிய கை அல்லவா.

மயிலாத்தாள் குனிந்து வாசித்தாள். குறுக்குக் கட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

"என்ற பேரு எங்கீங்க?"

"உன் பெயர் எதற்கு?"

"நானுந்தான இழுத்தேன்."

நான் பொறுமையாக விளக்கினேன். இழுப்பது வேறு, ஆக்குவது வேறு. திட்டம் என்னுடையது, கருவி என்னுடையது, மரம் என்னுடையது, கொட்டகை என்னுடையது. நீ செய்தது உதவி. உதவிக்கு நன்றி சொல்லலாம், மேடையிலேயே சொல்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிப் பேச முடியும்?

"செரீங்க" என்று முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து உதறினாள். "அப்ப நீங்களே ஆக்கிக்கோங்க."

கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்க ஆரம்பித்தாள்.

நான் கலங்கவில்லை. வேலை நிறுத்தம் எனக்குப் புதிதா? "முதலில் வேலைக்குத் திரும்பு, பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றேன். நியாயமான நிலைப்பாடு. அவள் அவரைக்காயைப் பார்த்தே சிரித்தாள். "நாம் எல்லாம் ஒரே குடும்பம் மயிலா" என்றேன். எங்கள் விஷயத்தில் அது உண்மைதானே? அதற்கும் சிரிப்பு. "இந்தக் கொட்டகையால் எனக்கு என்ன லாபமா வருகிறது? எல்லாம் நஷ்டம்தான்" என்று கணக்கை எடுத்து வைத்தேன். "அப்ப மூடிருங்க" என்றாள். உன்னை யாரோ வெளியாள் தூண்டிவிடுகிறார்கள் என்று நேராகவே சொல்லிவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், சோற்றை நிறுத்தவில்லை. வேளாவேளைக்கு வந்தது. அவரைக்காய்ப் பொரியல் எப்போதையும்விட நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "இதையும் நிறுத்து, முழு வேலை நிறுத்தமாகச் செய்" என்று கத்தினேன். "சோறு போடறது தனிங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்கிறாள். எதிரி பலவீனமாக இருந்தால் தாக்கலாம். ரசம் ஊற்றினால் என்ன செய்வது?

மாற்று ஆள் பார்த்தேன். பால்காரர் சுப்பையன் திடகாத்திரமானவர். "ஒரு கை பிடியுங்கள்" என்று கூப்பிட்டேன், வந்தார். வாசலில் மயிலாத்தாள் தலையை உயர்த்தாமலே கேட்டாள். "ஏனுங்க சுப்பையா, உங்க பால்காரரு சங்கம் போன மாசம் ரோட்டுல பாலை ஊத்துனப்ப நீங்களும் ஊத்துனீங்களா?"

"ஆமாங்கக்கா."

"அன்னைக்கு ஒருத்தன் மட்டும் களவா வீடு வீடாப் பாலூத்தப் போனானாமே, அவனை என்ன பண்ணுனீங்க?"

சுப்பையன் குறுக்குக் கட்டையைத் தொட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "தோழரே, எருமைக்குத் தண்ணி காட்டோணும்" என்று போனவர்தான். மறுநாளிலிருந்து பாலைக் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்.

தனியாகத் தள்ளிப் பார்த்தேன். இழைப்புளி ஓர் அங்குலம் போய் உட்கார்ந்துகொண்டது. என் முதுகும் உட்கார்ந்துகொண்டது. விழாவோ நெருங்கிவிட்டது. மேசை இல்லையென்றால் முதல் பேச்சு இல்லை. பந்தல்காரருக்கு முந்தின வரிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அப்போதுதான் என் மொபெட் கண்ணில் பட்டது.

நீங்கள் சிரிப்பதற்கு முன் யோசியுங்கள். நான் எழுதியது மெஷின் கொட்டகைக்குள் ஓடாது என்று. மொபெட் கொட்டகைக்கு வெளியேதான் நின்றது. ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையை இழைப்புளியின் குறுக்குக் கட்டையில் கட்டினேன். சக்கரம் சுற்றும், கயிறு இழுக்கும், நான் தள்ளுவேன். கிளப்பிவிட்டு ஓடி வந்து இழைப்புளியைப் பிடித்தேன். பிடித்தேன் என்று நினைத்தேன். இழைப்புளி என் கையை விட்டுப் பறந்து, வாசலைத் தாண்டி, மயிலாத்தாளின் முறத்தைத் தாண்டி, நேராக மொபெட்டின் மட்கார்டுக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

மயிலாத்தாள் எழுந்து போய் வண்டியை அணைத்தாள். பிறகு கேட்டாள்: "ஏனுங்க, மிசினே வேண்டாமுன்னீங்களே?"

"நான் எதிர்ப்பது மின்சாரத்தை. இது பெட்ரோல்" என்றேன்.

அன்று சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம். யார் என்று பார்த்தால் நாச்சிமுத்து. எதிர்ச் சங்கத்து நாச்சிமுத்து! நிர்வாகத்தோடு பேசிப் பேசியே ஆயுளைக் கழித்த மனிதர். சமரசச் சாமியார் என்று நான் துண்டறிக்கையே போட்டிருக்கிறேன். அவருக்குப் போன் போட்டு வரச் சொன்னது யார்? என் துணைவியார். என் போனிலிருந்து!

"அண்ணா, இவரு எம் பேச்சைக் கேக்க மாட்டாரு. நடுவுல ஒரு ஆளு வேணும். உங்களுக்குத்தான் பழக்கம்" என்று பருப்பும் வெல்லமும் வைத்துச் சுட்ட ஒப்புட்டைத் தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டுகிறாள்.

நாச்சிமுத்து ஒப்புட்டில் நெய்யைத் தேடிக்கொண்டே, "ரெண்டு தரப்பும் கொஞ்சம் எறங்கி வரோணும்" என்று ஆரம்பித்தார். வேறு வசனமே தெரியாது அந்த மனிதருக்கு. "ஏப்பா ஆறுச்சாமி, அன்னைக்கு நீ கேட்டுல நின்னு ஒண்ணு கேட்டியே. நூல்கட்டு மேல முதலாளி பேரு ஒட்டியிருக்குது, நூத்தவ பேரு எங்கேன்னு. எங்க சங்கத்துக்காரனுங்களே கைதட்டுனானுங்க. நானே உள்ளுக்குள்ள தட்டுனேன். இப்ப அதையேதான் இந்தப் புள்ள கேக்குது."

"அது வேறு சூழல், வேறு வரலாற்றுக் கட்டம்" என்றேன்.

"கட்டமெல்லாம் இருக்கட்டும். பேரைப் போடறயா இல்லியா?"

"போட மாட்டேன். கொத்துவது என் உரிமை."

நாச்சிமுத்து இரண்டாவது ஒப்புட்டை எடுத்தார். மயிலாத்தாளைப் பார்த்தார். "வேற என்ன வேணும் தாயி?"

அவள் நெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "பேரு வேண்டாங்ண்ணா. அவரு பேரையே கொத்திக்கட்டும். அந்த மேசையில மொதல்ல நான் பேசறேன். அஞ்சு நிமிசம். அப்பறம் அவரு எம்புட்டு நேரம் வேணும்னாலும் பேசட்டும்."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மரத்தில் கொத்தினது நிற்கும், பேச்சு காற்றோடு போய்விடும். அதுவும் இவள் ஒரு மேடையிலாவது ஏறியிருக்கிறாளா? மைக்கைப் பார்த்ததும் "வணக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவாள். முக்கியமான கோரிக்கையைக் கைவிட்டு அற்பமான ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறாள். அனுபவம் இல்லாதவர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தால் இப்படித்தான். "ஒப்புக்கொள்கிறேன்" என்றேன். எவ்வளவு பெரிய வெற்றி என்பது நாச்சிமுத்துவுக்கே புரியவில்லை. என் தோளைத் தட்டிவிட்டு மீதி ஒப்புட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். ஆக, பார்த்துக்கொள்ளுங்கள், பெயர் என்னுடையது மட்டும்தான். முன்பக்கம் குனிந்து பாருங்கள். தொடாமல்.

அடுத்த நாள் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. பருப்பு வெந்து இறக்கிய பிறகுதான் வந்தாள். குரல் உயர்த்தக்கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் எப்படியோ நுழைந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. இழைப்புளி ஓடியது. ஒப்பந்தத்துக்குப் பிறகு முன்னைவிட நன்றாகவே ஓடியது என்பதையும் நான் மறைக்கவில்லை. பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அறுபடாமல் சுருள் வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது, தம்பி. ஒன்றை என் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இந்தாருங்கள், முகர்ந்து பாருங்கள்.

இழுத்துக்கொண்டே அவள் ஏதோ முணுமுணுத்தாள். சாமிப் பாட்டு என்று நினைத்தேன். இல்லை. ஒத்திகை.

"தோழர்களே, இந்த மேசையச் செஞ்ச இழைப்புளிக்கு ரெண்டு ஆளு வேணும்" என்கிறாள். ஒரு இழுப்பு. "பின்னால நின்னு தள்ளறவரு மரத்தைப் பாக்கறாரு." ஒரு இழுப்பு. "முன்னால நின்னு இழுக்கறவ, தள்ளறவரு மூஞ்சியப் பாக்கறா." ஒரு இழுப்பு. "இத்தனை பலகை இழைச்சோம். அவரு ஒருக்காக்கூட நிமிந்து பாக்கலீங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் மரத்தூள். தூளா, சுருளா, எனக்குத் தெரியவில்லை. சிரித்தாள். அவ்வளவுதான், இழைப்புளி இழைக்குக் குறுக்கே போய்விட்டது. அதோ, மேல் பலகையில் வலது ஓரமாக ஒரு பள்ளம் தெரிகிறதா? எத்தனை எண்ணெய் குடித்தும் மறையவில்லை. பேசுகிறவர்கள் தண்ணீர் டம்ளரை அதன்மேல் வைத்துக்கொள்ளட்டும். யாராவது கேட்டால் தடியடியில் பட்டது என்று சொல்லிவிடுங்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அந்த நான்கு வரிக்கே எனக்குக் கை நழுவியது. ஐந்து நிமிடம் பேசினால் கூட்டம் என்ன ஆகும்? அவளுக்குப் பிறகு நான் எழுந்து என்ன பேசுவது? உபரி மதிப்பைப் பற்றி முழு இரவு உட்கார்ந்து குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன்.

அதனால்தான் தம்பி, கொஞ்சம் கிட்டே வாருங்கள். மைக் செட்காரர் உங்களுக்குத் தெரிந்தவர்தானே? நாளைக்கு அவள் ஏறும்போது மட்டும் ஏதாவது ஒரு கோளாறு. ஒயர் நழுவலாம். மின்சாரம் என்றாலே நம்ப முடியாத பொருள்தானே. நான் ஏறும்போது சரியாகிவிட்டால் போதும். நான் சதி செய்யச் சொல்லவில்லை. தந்திரோபாயம்.

"தம்பி, காப்பிக்கு நாட்டுச் சக்கரைதான் போட்டிருக்கறேன், குடிப்பீங்கல்லொ? அப்பறம் மைக்குக்காரரை எனக்கோசரம் சிரமப்படுத்த வேண்டாம் கண்ணு. நானும் ஸ்பின்னிங்ல அத்தனை வருசம் வேலை பாத்தவதான். அந்த இரைச்சல்ல இந்தக் கோடியில நின்னு கூப்பிட்டா அந்தக் கோடியில இருக்கறவ திரும்பிப் பாப்பா."

கேட்டீர்களா? சுவருக்கு அந்தப் பக்கம், அடுப்படியிலிருந்து பேசுகிறாள். ஒவ்வொரு சொல்லும் வந்து விழுகிறது.

சரி, மைக்கை விடுங்கள். உங்கள் செயலாளரிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிடுங்கள். பெண்பிள்ளை முதலில் பேசுகிறாள் என்றதும் வழக்கம்போல வரவேற்புரை என்று அறிவித்துவிடப் போகிறார். வேண்டாம் தம்பி. அவள் யாரையும் வரவேற்கப் போவதில்லை.